திருட்டுப் பண்டிகை என்றொரு பொய்

திருப்பூருக்குக் கிறிஸ்துமஸ் ஜூன் மாதமே வந்துவிடும். கலைமான் அச்சிட்ட டி-ஷர்ட்டும் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட குழந்தைகள் பைஜாமாவும் செப்டம்பருக்குள் கண்டெய்னர் ஏறித் தூத்துக்குடிக்குப் போய்விட வேண்டும். டிசம்பரில் நாங்கள் ஐரோப்பாவின் கோடைக்குத் தைத்துக்கொண்டிருப்போம். இருபத்திரண்டு வருடம் மெர்ச்சன்டைசராக இருந்த எனக்கு அந்தப் பண்டிகை வெகுகாலம் ஒரு ஷிப்மென்ட் தேதியாகத்தான் இருந்தது. நான் கிறிஸ்தவன் இல்லை. காங்கேயம் பக்கம் அண்ணமார் சாமி கும்பிடும் குடும்பம் எங்களுடையது.

ஒரு டிசம்பரில், நான் அப்போது வேலை பார்த்த கம்பெனியின் செக்கிங் பகுதியிலிருந்த ஒரு பெண் சாயங்கால டீ நேரத்தில் என்னிடம் வந்து கைபேசியை நீட்டினார். "ஏனுங் சார், நீங்க நெறையப் படிக்கறவங்க. இது நெசமுங்களா? எங்க பண்டிகை திருட்டுப் பண்டிகைங்களா?" கூட வேலை செய்கிற யாரோ அனுப்பிய செய்தி அது. வருடாவருடம் மார்கழிப் பனியோடு சேர்ந்தே வருவதுதான். ஹோரஸ், மித்ரா, டயோனிசஸ், கிருஷ்ணர் எல்லோரும் இயேசுவுக்கு முன்பே டிசம்பர் 25இல் கன்னி வயிற்றில் பிறந்தவர்களாம். எல்லோருக்கும் பன்னிரண்டு சீடர்களாம். எல்லோரும் சிலுவையில் அறையப்பட்டு மூன்றாம் நாள் எழுந்தவர்களாம். ஆகவே கிறிஸ்தவம் பழைய புராணங்களைப் பார்த்து எடுத்த நகல் என்று முடிந்திருந்தது.

"அப்படித்தான் சொல்றாங்கம்மா" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் மேசைக்குத் திரும்பிப் போய் நூல் பிசிறு வெட்டத் தொடங்கினார். எதையும் சரிபார்க்காமல் நான் சொன்ன அந்த வார்த்தை இன்றும் உறுத்துகிறது. அதற்குப் பின் வருடக்கணக்காகத் தேடிப் படித்தேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன்.

இந்த நகல் கதையை நம் ஊரில் மூன்று தரப்பினர் நம்புகிறார்கள். கறுப்புச் சட்டை நண்பருக்கு, எல்லா மதமும் புரட்டு என்பதற்கு அது ஒரு சான்று. காவி வேட்டி நண்பருக்கு, உலகிலுள்ள எல்லாமே இங்கிருந்து போனவை என்பதற்குச் சான்று. மூன்றாமவர் ஒரு சிறிய சபைக்குப் போகிற கிறிஸ்தவர். அவருக்கு, கிறிஸ்துமஸ் என்பது கத்தோலிக்கர் விக்கிரக வழிபாட்டிலிருந்து கலந்துவிட்ட அசுத்தம். வேறு எதிலும் ஒத்துப்போகாத மூவரும் இதில் மட்டும் ஒரே வாயாகப் பேசுவதால், கேட்பவருக்கு இது நிரூபணமான உண்மை போலத் தோன்றிவிடுகிறது.

நமக்குத் தெரிந்த சாமியிலிருந்தே தொடங்குகிறேன். கிருஷ்ணர் தேவகிக்கு எட்டாவது பிள்ளை. ஏழு பிள்ளைகளுக்குப் பிறகு எட்டாவதைப் பெற்றவளைக் கன்னித்தாய் என்று எந்தப் பாகவதம் சொல்கிறது? அவர் பிறந்தது மழைக்காலத்து அஷ்டமி இரவில். வாசலிலிருந்து பூஜையறை வரை அரிசி மாவில் பிஞ்சுப் பாதம் வைக்கிற எந்த வீட்டிலும் அதை டிசம்பரில் வைப்பதில்லை. அவர் உடலை விட்டது ஜரா என்ற வேடனின் அம்பு பாதத்தில் தைத்து. சிலுவை எங்கே வந்தது? அமெரிக்காவில் கெர்சி கிரேவ்ஸ் என்பவர் 1875இல் உலகத்தில் சிலுவையேறிய மீட்பர் பதினாறு பேர் என்று ஒரு புத்தகம் எழுதினார். அங்கிருந்துதான் வந்தது. அவருக்குச் சற்று முன், பிரெஞ்சு இந்தியாவில் நீதிபதியாக இருந்த லூயி ஜாகோலியோ 1869இல் ஒரு நூல் எழுதி, கிருஷ்ணரின் பெயரையே 'ஜெஸேயுஸ் கிறிஸ்ட்னா' என்று திரித்து வைத்தார். அப்படி ஒரு பெயர் எந்தச் சமஸ்கிருத நூலிலும் கிடையாது. தன் சாமியின் பிறப்பையும் இறப்பையும் மாற்றி எழுதிய ஒரு வெளிநாட்டு நூலைத் தன் மதத்தின் பெருமைக்காக ஒருவர் பரப்புகிறார் என்றால், அவர் தன் சாமியின் கதையை இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஹோரஸ் கதையும் அப்படித்தான். துண்டு துண்டாக்கப்பட்ட கணவன் ஒசைரிஸின் உடலைத் தேடிச் சேர்த்து, பறவை உருவில் அதன்மேல் அமர்ந்து ஐசிஸ் கருவுற்றாள் என்கிறது எகிப்தியக் கதை. அது ஒரு மனைவியின் துக்கத்தைச் சொல்லும் மகத்தான கதை, கன்னிப்பிறப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒசைரிஸும் மண்ணுலகுக்குத் திரும்பவில்லை, செத்தவர்களின் அரசனாகக் கீழுலகிலேயே தங்கிவிட்டார். சிலுவையும் பன்னிரண்டு சீடரும் எகிப்திய எழுத்துகளில் இல்லை. ஜெரால்டு மாஸி என்ற ஆங்கிலக் கவிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தன் போக்கில் தொகுத்த பட்டியல்கள் அவை. 2007இல் இணையத்தில் வந்த ஒரு படம் அவற்றைத் தூசி தட்டி உலகத்துக்கே அனுப்பிவிட்டது. டயோனிசஸோ, செத்துப்போன தாய் செமலேயின் வயிற்றிலிருந்து எடுத்து, ஸியூஸின் தொடையில் வைத்துத் தைத்து வளர்க்கப்பட்டவர்.

மித்ராவிடம் கொஞ்சம் நிற்க வேண்டும், எதிர்த்தரப்பின் பலமே அவர்தான். உரோமச் சிற்பங்களில் மித்ரா பாறையைப் பிளந்துகொண்டு வருகிறார், கையில் கத்தியும் தீவட்டியுமாக, வளர்ந்த இளைஞராகவே. தாய் என்று ஒருத்தி அங்கே கிடையாது. அவர் காளையைக் கொல்கிறார், பிறகு சூரியனோடு விருந்துண்கிறார். அவர் செத்ததாகவோ எழுந்ததாகவோ ஒரு சிற்பமும் இல்லை. பன்னிரண்டு சீடர் என்று காட்டப்படுவது அவரைச் சுற்றிச் செதுக்கிய பன்னிரண்டு ராசிகள். அந்த வழிபாட்டினர் எழுதிய வேதநூல் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. கல்வெட்டும் சிற்பமும் நிலவறைக் கோயில்களும்தான் மிச்சம். உரோமில் புனித கிளமெந்து ஆலயத்துக்கு அடியில் இன்றும் அப்படி ஒரு நிலவறை இருக்கிறது. காலக்கணக்கையும் பாருங்கள். உரோமப் பேரரசில் இந்த வழிபாட்டின் தடயங்கள் முதல் நூற்றாண்டின் கடைசியில்தான் தென்படுகின்றன. பவுல் கொரிந்தியருக்கு எழுதியது ஐம்பதுகளில். அதில் அவர் இயேசுவின் மரணத்தையும் உயிர்ப்பையும், தான் பிறரிடம் பெற்று ஒப்படைத்த செய்தி என்றே எழுதுகிறார். பாரசீகத்தின் பழைய மித்ரா எவ்வளவோ தொன்மையானவர்தான், ஆனால் அவருக்கு இந்தக் கதை கிடையாது.

எங்கள் தொழிலில் ஒரு கம்பெனி இன்னொன்றின் டிசைனைத் திருடிவிட்டது என்று சண்டை வந்தால், பத்தடி தள்ளி நின்று இரண்டையும் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. சாம்பிளை மேசையில் விரித்துப் போடுவோம். அளவுத்தாளை எடுத்துத் தோள், நெஞ்சு, நீளம் என்று டேப் வைத்துப் பார்ப்போம். எந்தச் சாம்பிள் எந்தத் தேதியில் யார் கைக்குப் போனது என்று கூரியர் ரசீதைத் தேடுவோம். ரசீது இல்லாவிட்டால் திருட்டு என்ற வார்த்தையை எழுதவே மாட்டோம், வழக்கு நம்மேல் திரும்பிவிடும். ஒரு பனியனுக்குக் காட்டும் இந்த நியாயத்தைக் கோடிக்கணக்கானவர்களின் வழிபாட்டுக்குக் காட்ட மறுப்பது ஏன் என்பதுதான் என் கேள்வி.

இனி டிசம்பர் 25. பட்டியலின் மற்ற வரிகள் உதிர்ந்தாலும் "அது சூரியன் பிறந்த நாள், கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்" என்பது மட்டும் படித்தவர்களிடமும் நிற்கிறது. பத்திரிகைகள் வருடாவருடம் எழுதுகின்றன. நானும் நம்பியிருந்தேன்.

பேரரசர் அவுரேலியன் 274இல் உரோமில் 'வெல்லப்படாத சூரியனுக்கு' ஒரு கோயில் கட்டினார். இது உறுதி. ஆனால் அதை டிசம்பர் 25இல்தான் அர்ப்பணித்தார் என்று அக்கால ஆவணம் எதுவும் சொல்லவில்லை. உரோமில் அதற்கு முன்பிருந்த சூரிய விழாக்கள் ஆகஸ்டிலும் டிசம்பர் 11இலும் வருகின்றன. டிசம்பர் 25ஐ 'வெல்லப்படாதவரின் பிறந்தநாள்' என்று குறிக்கிற முதல் ஆவணம் 354ஆம் ஆண்டின் தொகுப்பு. ஃபிலோகாலுஸ் என்ற எழுத்துக்கலைஞர் வாலன்டினுஸ் என்ற செல்வருக்காக எழுதித் தந்தது. அன்று முப்பது தேர்ப்பந்தயம் என்றும் அதில் இருக்கிறது. அதே தொகுப்பின் இன்னொரு பக்கத்தில், 336இல் எழுதப்பட்டதாகக் கணிக்கப்படும் மறைசாட்சிகள் பட்டியலின் தலையில், அதே தேதியில் கிறிஸ்து பெத்லகேமில் பிறந்தார் என்ற குறிப்பும் இருக்கிறது. இரண்டு விழாவுக்கும் மிகப் பழைய தெளிவான சான்று ஒரே கட்டுக்குள் கிடக்கிறது, கிறிஸ்தவக் குறிப்புதான் சில ஆண்டு மூத்தது. இதை வைத்துக்கொண்டு இவர்தான் அவரிடம் எடுத்தார் என்று எப்படிச் சத்தியம் செய்வது? சட்டர்னாலியா விழா என்பாரும் உண்டு. அது டிசம்பர் 17இல் தொடங்கி 23இல் முடிந்துவிடும்.

அப்படியானால் தேதி எங்கிருந்து வந்தது? அதற்கு இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு அதுவே பொருந்துகிறது. இயேசு இறந்தது மார்ச் 25 என்று 200ஆம் ஆண்டையொட்டி தெர்த்துலியன் கணக்கிட்டிருக்கிறார். பெரியவர்கள் கருவான நாளிலேயே உயிர்விடுவார்கள், ஆயுள் முழு ஆண்டாக இருக்கும் என்ற நம்பிக்கை அன்று இருந்தது. அவர் கருவானதும் இறந்ததும் மார்ச் 25 என்று அகுஸ்தீன் வெளிப்படையாகவே எழுதுகிறார். மார்ச் 25லிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. கிழக்கே சிலர் இறப்பு நாளை ஏப்ரல் 6 என்று கணக்கிட்டார்கள். அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் ஜனவரி 6, கிழக்குச் சபைகளின் பழைய நாள். அர்மீனியர்களுக்கு இன்றும் அதுதான் கிறிஸ்துமஸ். சென்னையில் அர்மீனியன் தெருவில் 1772இல் கட்டிய அவர்கள் ஆலயம் நிற்கிறதே, அதைக் கட்டியவர்கள் டிசம்பர் 25ஐ விட்டுவிட்டு ஜனவரி 6ஐக் கொண்டாடியவர்கள். தேதி சூரியனிடமிருந்து திருடியது என்றால் இந்த இரண்டாம் தேதியின் கணக்கும் ஏன் அதே ஒன்பது மாத இடைவெளியில் போய் விழுகிறது? 1889இல் பிரெஞ்சு அறிஞர் லூயி டுஷேன் எழுப்பிய இந்தக் கேள்விக்கு நகல் கட்சியினரிடம் நல்ல பதில் இல்லை.

உரோமர் டிசம்பர் 25ஐக் குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலாகக் கொண்டிருந்தார்கள், அந்த வெளிச்சத்தின் பொருத்தம் கிறிஸ்தவர்களுக்கும் பிடித்திருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் போப் லியோ, பேதுரு ஆலயப் படியேறும் கிறிஸ்தவர்கள் திரும்பி நின்று உதிக்கிற சூரியனைக் கும்பிடுகிறார்களே என்று கிறிஸ்துமஸ் பிரசங்கத்திலேயே கடிந்துகொள்கிறார். வத்திக்கான் நிலவறைக் கல்லறை ஒன்றில் சூரியனைப் போலக் கதிர் சூடித் தேரில் வரும் ஒரு மொசைக் உருவம் உண்டு, பலர் அதைக் கிறிஸ்து என்றே கொள்கிறார்கள். தோளில் ஆட்டுக்குட்டி சுமந்த மேய்ப்பன் உருவமும் கிரேக்கச் சிற்பிகள் ஏற்கெனவே செதுக்கி வைத்ததுதான். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தில் மெனாண்டரின் நாடக வரி ஒன்று வருகிறது. ஏதென்ஸ் பிரசங்கத்தில் அராட்டஸின் கவிதை வருகிறது. சுற்றிலும் கிரேக்கம் பேசிய உலகில் அவர்களும் கிரேக்கத்தில்தான் பேச முடியும்.

இந்த ஊரிலேயே அதைப் பார்க்கலாம். கருமத்தம்பட்டி செபமாலை அன்னைக்குத் தேர் இழுக்கிறார்கள். வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போடுகிறார்கள், கொடியேற்றத்தோடு விழா தொடங்குகிறது. கத்தோலிக்கர் ஆலயத்தைக் கோவில் என்கிறார்கள், பலிபீடத்தில் நடப்பதைப் பூசை என்கிறார்கள். 1606இல் மதுரைக்கு வந்து காவியுடுத்தித் தத்துவபோதகர் ஆன இராபர்ட் தெ நொபிலியின் காலத்திலிருந்து இந்தச் சொல்லும் கோலமும் வளர்ந்துவருகின்றன. பூசை என்று சொல்வதால் அப்பமும் ரசமும் சிவபூசையின் நகலாகிவிடுமா? கும்பிடுகிறவன் தன் கையால்தான் கும்பிட வேண்டும், தன் வாயால்தான் பாட வேண்டும். சொல்லும் தேரும் மொட்டையும் மண்ணிலிருந்து வருகின்றன. பெத்லகேமில் பிறந்தவனைப் பற்றிய செய்தி இன்னோரிடத்திலிருந்து வந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் தேரைக் காட்டிச் செய்தியைத் திருட்டு என்கிறார்கள்.

அந்தச் செய்தியின் வேர் எங்கே என்று தேட எகிப்துக்கும் பாரசீகத்துக்கும் ஓட வேண்டியதில்லை. இயேசு யூதர், முதல் சீடர்கள் யூதர்கள். ஏசாயா நூலின் எபிரேய மூலத்தில் 'இளம்பெண்' என்றிருந்த சொல்லை, இயேசுவுக்கு முன்பே அதைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர்கள் 'கன்னி' என்ற சொல்லால் பெயர்த்தார்கள். மத்தேயு அந்தக் கிரேக்கப் படியைத்தான் எடுத்துக்காட்டுகிறார். செத்தோர் எழுவர் என்ற நம்பிக்கை கி.மு. 165ஐ ஒட்டி முற்றுப்பெற்ற தானியேல் நூலில் இருக்கிறது. மக்கபேயர் நூலில் ஏழு பிள்ளைகளைக் கொடுமைக்குப் பலிகொடுக்கிற தாய், அவர்களைத் திரும்பப் பெறுவேன் என்று நம்பியே நிற்கிறாள். சொந்த வீட்டுத் தாழ்வாரத்தில் கிடக்கிற பொருளை அவர்கள் ஏன் அடுத்த தேசத்தில் போய்த் திருட வேண்டும்?

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்துக்கு வருகிறேன். 155ஐ ஒட்டி உரோமில் எழுதிய ஜஸ்டின் என்ற கிறிஸ்தவரே இந்த ஒப்புமைகளைப் பேசுகிறார். கன்னிப்பிறப்புக்குப் பெர்சியஸை உவமை காட்டுகிறார், நோய் தீர்ப்பதற்கு அஸ்கிளேப்பியஸை. மித்ரா வழிபாட்டிலும் அப்பமும் தண்ணீர்க் கிண்ணமும் வைக்கிறார்கள், அது பேய்கள் எங்களைப் பார்த்துச் செய்த போலி என்றும் சொல்கிறார். "பாருங்கள், அவர்களே ஒத்துக்கொண்டார்கள்" என்று இதைக் காட்டுவார்கள். அவர் எழுதிய சூழலைப் பாருங்கள். கிறிஸ்தவன் என்ற பெயருக்காகவே தலை போகிற காலம். சில ஆண்டு கழித்து அவர் தலையும் போயிற்று. ஆட்சியாளரிடம் அவர் சொல்வது, உங்கள் கதைகளில் இதைவிட அதிசயங்களை மதிக்கிறீர்களே, எங்களை மட்டும் ஏன் கொல்கிறீர்கள் என்பது. பெர்சியஸின் தாயிடம் ஸியூஸ் பொன்மழையாக வந்த கதைக்கும் லூக்காவின் கதைக்கும் உள்ள தூரம் ஜஸ்டினுக்கு நன்றாகத் தெரியும். உயிருக்கு வாதாடுகிறவன் ஒப்புமையைப் பெரிதாக்கித்தான் பேசுவான். அதைத் திருடனின் வாக்குமூலமாகப் படிப்பது கொடுமை.

மாண்டு மீளும் தெய்வங்கள் என்ற வகையே ஃபிரேசர் என்ற அறிஞர் 1890இல் வெளியிடத் தொடங்கிய பெருநூலால் புகழ்பெற்றது. இயேசுவை அந்த வரிசையில் ஒருவராக அதன் பிறகு எத்தனையோ பேர் சேர்த்தார்கள். ஆனால் 1990இல் ஜொனாதன் ஸ்மித் அந்த வகையின் அடித்தளத்தையே ஆட்டிவிட்டார். 2001இல் சுவீடன் அறிஞர் மெட்டிங்கர், பாகால், மெல்கார்ட் போன்ற சில தெய்வங்கள் உண்மையிலேயே மாண்டு மீண்டவையாக நம்பப்பட்டன என்று மறுபடி நிறுவினார். அவரே, இயேசுவின் உயிர்ப்புக் கதை அவற்றிலிருந்து கட்டப்பட்டது என்பதற்குச் சான்று காணவில்லை என்று முடித்தார். அதற்கெல்லாம் முன்பே, 1961இல், சாமுவேல் சாண்ட்மெல் என்ற யூத ரப்பி விவிலிய அறிஞர் சபையில் தலைமையுரையாற்றும்போது இந்தப் பழக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் ஒப்புமை வெறி என்று சொல்லலாம். கிறிஸ்தவத்தைக் காப்பாற்ற வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

நம் ஊர்க்காரருக்கு இதையெல்லாம் விட நெருக்கமான ஒரு சோதனை இருக்கிறது. எங்கள் அண்ணமார் கதையை எடுங்கள். கனடாவிலிருந்து வந்த பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் நாட்டு ஓலப்பாளையத்தில் உட்கார்ந்து இரவிரவாகப் பாடக் கேட்டு ஒலிப்பதிவு செய்தாரே, அந்தக் கதை. தாமரை நாச்சியார் பிள்ளையில்லாமல் இருபத்தோராண்டு தவம் கிடந்து சிவனிடம் வரம் பெறுகிறாள். பொன்னரும் சங்கரும் வரத்தால் பிறக்கிறார்கள். படுகளத்தில் விழுந்து மாள்கிறார்கள். தங்கை தங்காள் அழுதுகொண்டே களம் தேடி வருகிறாள். பெரியகாண்டி அம்மனின் துணையோடு தண்ணீர் தெளித்து எழுப்புகிறாள், அண்ணன்மார் கண்விழித்து அவளோடு பேசுகிறார்கள். இன்றும் படுகள விழாவில் அருள் வந்து பிணமாகச் சாய்ந்தவர்களைத் தீர்த்தம் தெளித்து எழுப்புகிறார்கள். சின்ன வயதில் என் பெரியப்பா அப்படி விழுந்து கிடந்ததைப் பார்த்து அலறியிருக்கிறேன்.

இப்போது நகல் கட்சியின் முறையை இதன்மேல் வைத்துப் பாருங்கள். வரத்தால் பிறந்த பிள்ளை, தானாக ஏற்ற சாவு, செத்த இடத்துக்கு அழுதுகொண்டு வரும் பெண், மீண்டும் எழுதல். பைபிளிலிருந்து எடுத்தது என்று ஒருவர் நாளைக்கே எழுதலாம், கொங்கு நாட்டில் பாதிரியார்கள் நடமாடிய நூற்றாண்டுகளையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். யாராவது அப்படி எழுதினால் என் ரத்தம் கொதிக்கும். ஏனென்றால் அண்ணமார் கதை வயலும் வேட்டுவர் பகையும் வளநாட்டு எல்லையும் தங்கையின் ஒப்பாரியும் சேர்ந்து விளைந்தது. அதில் எழுந்தவர்கள் தங்கையோடு பேசி முடித்ததும் மறுபடி சாய்ந்துவிடுகிறார்கள். அந்த இரண்டாம் சாவில்தான் கதையின் உயிரே இருக்கிறது. ஒப்புமைப் பட்டியலில் அதற்கு ஒரு கட்டம்கூட இருக்காது. என் சாமிக்கு நான் கேட்கும் மரியாதையை இன்னொருவர் சாமிக்குத் தர மறுக்க எனக்கு என்ன உரிமை?

இந்த அநியாயம் நமக்கு நடந்தும் இருக்கிறது. 1867இல் பெர்லினில் ஆல்பிரெக்ட் வெபர், கிருஷ்ண ஜெயந்தியின் தாய்-சேய் வழிபாடு கிறிஸ்தவத்திலிருந்து வந்தது என்று எழுதினார். வாசுதேவனுக்கு ஹெலியோடோரஸ் என்ற கிரேக்கத் தூதன் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் விதிஷா பக்கத்தில் நட்ட தூணின் கல்வெட்டு 1909இல் வெளிப்பட்டதும், கிருஷ்ண பக்தியே கிறிஸ்துவிடமிருந்து வந்தது என்ற பேச்சு அடங்கியது. குறளை 1886இல் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப்பும், மயிலாப்பூரில் கிறிஸ்தவப் போதகர்களிடம் வள்ளுவர் பாடம் கேட்டிருப்பார் என்று கற்பனை செய்தார். பின்னால் மு. தெய்வநாயகம் வள்ளுவரையும் சைவ சித்தாந்தத்தையும் தோமாவின் கிறிஸ்தவத்துக்குள்ளேயே அடக்கப் பார்த்தார். தமிழறிஞர்கள் கொதித்தெழுந்து, சான்று எங்கே என்று கேட்டார்கள். சரியாகவே கேட்டார்கள். அதே கேள்வியை டிசம்பரில் மட்டும் மடித்து வைத்துவிடுகிறோம்.

தமிழ்ப் பெருமை பேசுகிறவர்களுக்கு இனிக்கிற ஒன்றும் இருக்கிறது. சாவர்க்கரின் அண்ணன் கணேஷ் தாமோதர் சாவர்க்கர் மராத்தியில் எழுதி 1946இல் வெளிவந்த கிறிஸ்து பற்றிய நூலில், இயேசு பிறப்பால் தமிழர் என்கிறார். 2016இல் அதை மும்பையில் மறுபதிப்பும் செய்தார்கள். இயேசு கடவுளை 'அப்பா' என்றழைத்தாரே, அது தமிழ்தானே என்று நம்மவர்களும் கைதட்டுகிறார்கள். அது அவர் பேசிய அரமேயச் சொல். வாய் திறக்கிற குழந்தைக்கு உதட்டில் முதலில் வருவது பகரமும் மகரமும், அதனால்தான் உலகத்தில் பாதி மொழிகளில் அப்பனும் அம்மாவும் ஒரே ஜாடையில் இருக்கிறார்கள்.

இதைச் சொன்னால் உடனே நொய்யல் கரைக்கு வருவார்கள். உரோமக் கப்பல் முசிறிக்கு வந்தது, அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொடுமணல், கரூர் என்று பெருவழி போனது, ஆக நம் கதைகளும் போயிருக்கும் என்பார்கள். வழி இருந்தது உண்மை. படியூரின் நீலப்பச்சைக் கல் உரோமரை இழுத்தது. கத்தாங்கண்ணியிலும் உடுமலைப் பக்கத்திலும் அகுஸ்துவின், திபேரியுவின் வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. திபேரியுவின் ஆட்சியில்தான் இயேசு சிலுவையில் அறையப்பட்டார். வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்கள் அவர் கையில் கொடுத்த காசு இதே வகைதான் என்று நாணய ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அதே அச்சில் விழுந்த வெள்ளி எங்கள் மண்ணுக்கடியில் கிடந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது. அந்தச் சிலிர்ப்பு வரலாற்றுச் சான்றாகிவிடாது. முசிறியிலிருந்து போன சரக்குக்குப் பாப்பிரஸ் தாளில் எழுதிய கணக்கு வியன்னாவில் இருக்கிறது. தந்தம் இருக்கிறது, கங்கைக்கரை நறுமண வேர் இருக்கிறது. கதை எதுவும் அந்தக் கணக்கில் ஏறவில்லை. போயிருக்கலாம் என்பதற்கும் போனது என்பதற்கும் நடுவில் ஒரு ரசீது வேண்டும்.

ரசீது கிடைத்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. கத்தோலிக்கப் புனிதர் பட்டியலில் நவம்பர் 27இல் பர்லாம், யோசபாத் என்ற இருவர் பெயர் நெடுங்காலம் இருந்தது. யோசபாத் ஓர் இந்திய இளவரசன். தகப்பன் துக்கமே கண்ணில் படாமல் வளர்க்கிறார். ஒருநாள் நோயாளியையும் கிழவனையும் கண்டு மனம் கலங்கி, அரசைத் துறக்கிறான். யார் கதை என்று சொல்லவே வேண்டாம். போதிசத்துவன் என்ற சொல் பாரசீகத்தின் வழியே அரபுக்குப் போய்ப் 'பூதாசஃப்' ஆனது. அரபு எழுத்தில் கீழே ஒரு புள்ளி கூடினால் 'பூ' 'யூ'வாகிவிடும். 'யூதாசஃப்' ஜார்ஜிய மொழிக்குப் போனது, பதினோராம் நூற்றாண்டு வாக்கில் ஆதோஸ் மலைத் துறவி ஒருவரால் கிரேக்கத்துக்குப் போனது, இலத்தீனில் யோசபாத் ஆகிக் கோயிலுக்குள் வந்தது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஏடு இருக்கிறது, மொழி இருக்கிறது, தவறிய புள்ளிகூட இருக்கிறது. 1860ஐ ஒட்டி இதை வெளிப்படுத்தியவர்கள் ஐரோப்பிய அறிஞர்களே. கடன் இருந்த இடத்தில் அது இப்படி வெளிச்சத்துக்கு வந்தது. ஹோரஸுக்கும் மித்ராவுக்கும் இப்படி ஒரு சங்கிலியைக் கொண்டுவாருங்கள், நான் இந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்.

நகல் கதையின் சொந்தப் பயணத்துக்கு மட்டும் ரசீது நன்றாகவே கிடைக்கிறது. கிறிஸ்துமஸ் விக்கிரகக்காரர் விழா என்று முதலில் உரக்கச் சொன்னவர்கள் கிறிஸ்தவர்கள்தான். 1647இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் அதைச் சட்டத்தால் ஒழித்தது. 1858இல் அலெக்சாண்டர் ஹிஸ்லப் என்ற ஸ்காட்லாந்துப் போதகர், கத்தோலிக்க வழிபாடு முழுவதுமே பாபிலோனியப் பழக்கம் என்று பெரிய நூலாக விரித்தார். கத்தோலிக்கரை அடிக்க எடுத்த அந்தத் தடியைப் பிறகு நாத்திகர்கள் வாங்கி எல்லாக் கிறிஸ்தவரையும் அடித்தார்கள். அவர்களிடமிருந்து இங்கே காவித் தரப்பு வாங்கிக்கொண்டது. என் சபை நண்பர் அதே ஹிஸ்லப்பின் தடியைக் கடைசி வரை கீழே போடவில்லை. கறுப்புச் சட்டை நண்பரிடம் மட்டும் உரிமையோடு ஒன்று சொல்வேன். 1925இல் ஈரோட்டில் 'குடிஅரசு' தொடங்கியவர் உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார் சொன்னாலும் நம்பாதே என்பது. ஐரோப்பியப் பட்டியல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பு என்று அவர் சொல்லவில்லை. இயேசு கடவுள் இல்லை என்று வாதாடுங்கள், உங்கள் உரிமை. கன்னி பெறமாட்டாள், செத்தவன் எழமாட்டான் என்று நேருக்கு நேர் சொல்லுங்கள். அதற்கு இந்தப் பொய்ப்பட்டியல் எதற்கு?

அந்தப் பெண் இப்போது அவிநாசி ரோட்டில் வேறொரு கம்பெனியில் இருக்கிறாராம். இது அச்சானதும் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். படித்துவிட்டு அவர் என்ன கேட்பார் என்றும் தெரிகிறது. "அப்பொ இருபத்தஞ்சாந் தேதி சரிதானுங்களா சார்?" நற்செய்தி நூல் நான்கில் எதிலும் பிறந்த தேதி இல்லை. கணக்குப் போட்டவர்கள் தப்பாகவே போட்டிருக்கலாம். அவரிடம் என் அம்மாவைப் பற்றிச் சொல்வேன். அம்மாவுக்குத் தான் பிறந்த நாள் தெரியாது. கிணற்றில் தண்ணி வந்த வருசம், ஐப்பசியா கார்த்திகையா என்று பாட்டிக்கே சந்தேகம். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தலைமையாசிரியர் வயதைக் கணக்குப் பார்த்து ஜூன் 1 என்று எழுதிவிட்டார். வருடாவருடம் அந்தத் தேதியில்தான் நாங்கள் அவளுக்குச் சேலை எடுக்கிறோம்.